குட்டியின் பெல்ட் எந்த வருஷத்தில் காணாமல் போனது?

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் எங்கள் கராத்தே வகுப்பு. முகூர்த்த நாளில் விடுமுறை. மற்ற சனி, ஞாயிறுகளில் பெரியவர்களை மாஸ்டர் பார்த்துக்கொள்வார், வாண்டுகள் என் தலையில். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் காலை அகட்டி உட்கார்ந்து நெற்றியைத் தரைக்குக் கொண்டுபோகும் பயிற்சி. அழுகை, தாகம், பாத்ரூம் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி அப்போதுதான் வரும். அதைச் சமாளிக்கக் கதை சொல்ல ஆரம்பித்தேன்.

கதாநாயகி பெயர் குட்டி. ஆரஞ்சு பெல்ட். ஹெயான் ஷோதான் என்ற கட்டாவை, அதாவது வரிசை மாறாமல் செய்ய வேண்டிய கராத்தே அசைவுகளின் தொகுப்பை, கடைசி அசைவிலிருந்து தலைகீழாகச் செய்தால் பழைய காலத்துக்குப் போய்விடுவாள். நேராகச் செய்தால் திரும்பி வந்துவிடுவாள். ஒரே ஒரு விதி. அவள் போய் இறங்கும் வருஷத்தில் எது இன்னும் உலகத்துக்கு வரவில்லையோ, அது அவளிடமிருந்தும் மறைந்துவிடும். சிரிப்புக்காகத்தான் இந்த விதியை வைத்தேன். அப்புறம் பார்த்தால் எனக்கே பல விஷயங்கள் மறைய ஆரம்பித்தன.

முதலில் போனது ஆரஞ்சு நிறம். 1930களில் பாரிஸில் ஜூடோ சொல்லிக்கொடுத்த கவாய்ஷி பரப்பிய ஏற்பாடுதான் இந்தக் கலர் கலரான பெல்ட்கள். அதற்கு முந்தைய டோக்கியோவில் குட்டி இறங்கியதும் இடுப்பில் வெள்ளைதான் மிச்சம். "அப்ப கிரேடிங்குக்குக் கட்டின காசு?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. ஜப்பானின் தெற்கே இருக்கும் ஒக்கினாவா தீவிலிருந்து கராத்தேயைச் செய்துகாட்ட ஃபுனாகோஷி என்ற ஆசான் டோக்கியோ வந்தது 1922இல். ஜூடோவை உருவாக்கிய கானோ அவரைத் தன் ஜூடோ பள்ளியான கொடோகானுக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். கராத்தேக்காரர்களின் வெள்ளை உடையும் பெல்ட்டும் அந்த ஜூடோ பக்கத்திலிருந்து வந்தவைதான். ஃபுனாகோஷி முதல் கருப்பு பெல்ட்களைக் கொடுத்தது 1924இல். என் வீட்டில் பீரோவுக்குள் மடித்து வைத்திருக்கும் கருப்பு பெல்ட்டுக்குக் கராத்தேயில் வயது அவ்வளவுதான். கொள்ளுத் தாத்தாவின் கைக்கடிகாரம் அதைவிடப் பழையதாக இருக்கலாம்.

அடுத்து 1908, ஒக்கினாவா. விதிப்படி குட்டியின் கராத்தே உடையும் போயாக வேண்டும். பிள்ளைகள் ஓவென்று கத்தியதில், பக்கத்து வீட்டில் ஒரு பழைய கிமோனோவை இரவல் வாங்கி மாட்டிவிட்டேன். அந்த வருஷம் இத்தோசு ஆன்கோ என்ற கிழவர், எழுபத்தேழு வயதில், பள்ளிகளில் கராத்தே ஏன் வேண்டும் என்று அரசுக்குப் பத்து அம்சங்களோடு ஒரு கடிதம் எழுதினார். வைக்கோல் சுற்றிய பலகையில் நூறு, இருநூறு குத்து விடச் சொல்வது அதில்தான். குட்டி ஓட்டிக்கொண்டு போகும் கட்டாவே அவர் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்துகொடுத்தது. அப்போது அதற்குப் பினான் என்று பெயர். ஆக அவள் போன வண்டியைச் செய்த ஆசாரியையே பார்த்துவிட்டாள்.

அதனால்தான் இன்னும் இருபது வருஷம் பின்னால் போனதும் வினை வந்தது. அந்தக் கட்டா அப்போது கிடையாது. ஷூரி கோட்டை வாசலில் நிற்கிறாள், கால் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. எப்படித் திரும்புவாள்? பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நீட்டிய காலை ஒருவரும் மடக்கவில்லை. ஒரு வாரம் காக்கவைத்துவிட்டு, ஒக்கினாவாவை ஆண்ட ரியூக்கியூ அரசர்களின் மெய்க்காவலராக இருந்த மாட்சுமுராவை வரவழைத்தேன். அவர் நைஹான்ச்சி என்ற பழைய கட்டாவைச் சொல்லிக்கொடுத்தார். இனி அதுதான் வண்டி. ஏழை விவசாயிகள் குதிரையில் வந்த சாமுராய்களை உதைத்துத் தள்ளக் கண்டுபிடித்ததுதான் கராத்தே என்று சுவரொட்டியில் பார்த்த பிள்ளைகளுக்கு, அரண்மனை உத்தியோகஸ்தர் குடும்பங்கள் வளர்த்த கலை என்றதும் கொஞ்சம் ஏமாற்றம்.

சீனாவில் சண்டைக் கலைக்குப் பேர்போன பௌத்த மடமான ஷாவோலினுக்கு வருவோம். குட்டி இறங்கியது 1561இல். அதே சமயம் யூ தாயூ என்ற தளபதியும் அங்கே வருகிறார். கடற்கொள்ளையர்களோடு போரிட்டவர், கம்புச் சண்டையில் நூலே எழுதியவர். ஷாவோலின் துறவிகள் அப்போது பேர் வாங்கியிருந்தது கைச்சண்டைக்கு இல்லை, கம்புக்குத்தான். ஆசையோடு பார்க்க உட்கார்ந்த தளபதி, பார்த்து முடித்ததும் முகத்துக்கு நேரே, உங்கள் வித்தையின் ரகசியம் தொலைந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டார். துறவிகள் கோபப்படவில்லை, நீங்களே சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். ஒரு நாளில் வருகிற வித்தையா அது? இரண்டு இளம் துறவிகள் அவரோடு தெற்கே கிளம்பி, மூன்று வருஷத்துக்கு மேல் கூடவே இருந்து கற்றுக்கொண்டார்கள். உலகமே கும்பிடும் கோயிலுக்கு வெளியாள் வந்து பாடம் எடுத்திருக்கிறார். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இது. வாரநாளில் சிலம்பம் போகும் ஒருவன், "எங்க ஆசான்கிட்ட அனுப்பியிருக்கலாமே அக்கா" என்றான். அனுப்பியிருக்கலாம்தான்.

இதற்குள் எல்லோரும் போதிதர்மர் எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கள் ஊரில் அது சாதாரணக் கேள்வி இல்லை. மாஸ்டரும் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும், காஞ்சிபுரத்து ராஜகுமாரன் போய்த்தான் சீனாக்காரனுக்கு அடிதடி கற்றுக்கொடுத்தான் என்று சொல்லித்தான் பாடத்தை ஆரம்பிப்பார். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். ஆனால் குட்டியின் விதி இங்கே இடித்தது. சீன நகரமான லுவோயாங்கின் விகாரைகளைப் பற்றி 547இல் யாங் ஷுவான்சி எழுதியதில் போதிதர்மர் ஒரு பாரசீகத் துறவி, ஒரு பெரிய கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வியக்கிறார். ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து 645இல் தாவோசுவான் எழுதியதில் தென்னிந்தியப் பிராமணர். இரண்டிலும் ஒரு குத்து இல்லை, ஒரு உதை இல்லை. அவர் தசைநார்ப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார் என்னும் நூல் வந்ததே 1624இல். பல நூற்றாண்டு முந்தைய தாங் வம்சக் காலத்துத் தளபதி எழுதியதாக அதற்கு ஒரு முன்னுரை வேறு. அந்தத் தளபதிக்கு நூலைக் கைமாற்றிக் கொடுத்ததாகச் சொல்லப்படுபவர் ஒரு பழங்கதையில் வரும் தாடிக்கார வீரர்! கற்பனைப் பாத்திரம் புத்தகம் கொடுத்ததாம். 640 வாக்கில் யுவான் சுவாங் காஞ்சிக்கே வந்தார். தர்மபாலர் என்ற பௌத்த அறிஞர் பிறந்த ஊர் என்று எழுதினார். போதிதர்மரைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதனால் என் கதையில் குட்டி அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இவளும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். "அவ்ளோதானா?" என்றார்கள். அவ்வளவுதான். அடுத்த நாள் ஒரு பையனின் அப்பா வந்து, "ஏம்மா, நம்ம ஊர் பெருமையை நீயே குறைச்சுச் சொன்னா எப்படி?" என்றார். நான் வாக்குவாதம் செய்யவில்லை. அவர் வருத்தம் புரிகிறது. ஆனால் பெருமை வேண்டுமென்றால் இரவல் பெருமை எதற்கு?

அவருக்காகவே அடுத்த வாரம் குட்டியை ஆமூருக்கு அனுப்பினேன். புறநானூற்றின் 80ஆம் பாட்டு. சாத்தந்தையார் பாடியது. சோழ இளவரசன் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மல்யுத்தம் செய்கிறான். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது, இன்னொரு கால் அவன் தப்பிக்கச் செய்யும் உத்தியைத் தடுத்துப் பின்பக்கம் வளைக்கிறது. பிடி அப்படியே கண்ணில் தெரிகிறது. பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோலத் தலையும் காலும் ஒடியத் தாக்கினான் என்கிறார் புலவர். இதை அவன் அப்பா தித்தன் பார்க்கட்டும், அவருக்குப் பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி என்று ஒரு போடு வேறு. பகைத்துக்கொண்ட அப்பாவுக்கு வீடியோ அனுப்பச் சொல்கிற தொனி. பாட்டைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேர் தரையில் உருண்டு அந்தப் பிடியைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒருவனின் சட்டைப் பொத்தான் போனது.

பெல்ட், உடை, கட்டா எல்லாம் உதிர்ந்து, கூட்டத்தில் எக்கி எக்கி மற்போர் பார்க்கும் ஒரு சின்னப் பெண்ணாகக் குட்டி நின்றாள். அப்போதுதான் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கேட்டாள். "அக்கா, குட்டி போற எடத்துல எல்லாம் ஆம்பளைங்களாவே இருக்காங்களே?"

இப்போது குட்டி 1935இல் கொடோகானின் பெண்கள் பிரிவில் இருக்கிறாள். கெய்கோ ஃபுகுடா என்ற இளம்பெண் அந்த வருஷம் அங்கே சேர்கிறார். கானோவுக்கு ஜுஜுட்சு என்ற பழைய சண்டைக் கலையைச் சொல்லிக்கொடுத்த ஆசானின் பேத்தி. 1953இல் ஐந்தாம் டான், அதாவது கருப்பு பெல்ட்டில் ஐந்தாம் படி, வாங்கினார். பெண்களுக்கு அதற்கு மேல் கிடையாது என்று வைத்திருந்ததால் ஆறாவதுக்கு 1970கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க ஜூடோ அமைப்பு பத்தாம் டான் கொடுத்தபோது அவருக்கு 98 வயது, வருஷம் 2011.

ஆறாம் டான் பட்டயத்தைக் குட்டியே இங்கிருந்து எடுத்துக்கொண்டு போய் 1953இல் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது பிள்ளைகளின் முடிவு. விதிப்படி அது போகிற வழியிலேயே மறைந்துவிடும் என்றேன். "அப்ப விதியை மாத்துங்க" என்கிறார்கள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.