வில்சன் நோயாளிக்குக் கண் சிவந்தால்

வில்சன் நோய் (கல்லீரலிலும் மற்ற உறுப்புகளிலும் செம்பு சேரும் பரம்பரை நோய்) உள்ளவருக்குக் கண் சிவந்து வலித்தால், "செம்பு மறுபடி ஏறிடுச்சோ?" என்றுதான் வீட்டில் முதலில் பயப்படுவோம். செம்பு படிந்து வரும் கைசர்-ஃபிளைஷர் வளையம் வலிக்காது, சிவக்காது. கருவிழியின் ஓரத்தில், உட்புறச் சவ்வில், பழுப்பும் பச்சையும் கலந்து படிந்திருக்கும், அவ்வளவே. வலி, வெளிச்சத்தில் கூச்சம், மங்கல், கருவிழியைச் சுற்றிச் சிவப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் யுவியைட்டிஸாக (கண்ணுக்குள் வரும் அழற்சி) இருக்கலாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம்.

கல்லீரல் ஃபைலும் மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். செம்பை வெளியேற்றும் பென்சிலமைன் மருந்து சாப்பிட்டால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மருந்தாலேயே ஏ.என்.ஏ. (உடல் தன்னையே தாக்கும் நோய்களைத் தேடும்) ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆகலாம். இது டாக்டருக்குத் தெரியாவிட்டால் கண் அழற்சிக்குக் காரணம் தேடுவது வேறு பக்கம் போய்விடும். இமை தொங்கினாலோ ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ அதையும் சொல்லுங்கள், பென்சிலமைனால் மயஸ்தீனியாவும் (தசை பலவீன நோய்) வரலாம்.

ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்க்கும்போது, ஓட்டு இடுக்கு வெயிலில் தூசி மிதப்பதுபோல வெள்ளணுக்கள் மிதப்பது டாக்டருக்குத் தெரியும். அழற்சி கண்ணின் முன்பகுதியில் இருந்தால் பெரும்பாலும் பிரெட்னிசலோன் அசிடேட் 1% சொட்டு தருவார்கள், தொடக்கத்தில் மணிக்கொரு முறைகூட. மருந்து அடியில் வெள்ளையாகத் தங்கிவிடும். குலுக்காமல் விட்டால் வெறும் நீர்தான் விழும். ஒரு சொட்டு போதும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டும் தருவார்கள்; அதனால் கிட்டத்துப் பார்வை மங்கும். அதற்காக நிறுத்தினால் கண்பாப்பாவைச் சுற்றியுள்ள கருந்திரை (ஐரிஸ்) லென்ஸோடு ஒட்டிக்கொள்ளலாம்.

ஒரு வாரத்தில் சிவப்பு போனதும் ஸ்டீராய்டு சொட்டை விட்டுவிடுவதால்தான் பலருக்குத் திரும்பி வருகிறது. வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இடையில் கண் அழுத்தமும் பார்க்க வேண்டும்.

இதைவிட ஆபத்து, கண்ணுக்கு மருந்து போடுகிறோமே என்று செம்பை நீக்கும் மருந்தைத் தாமாக நிறுத்துவது. திடீரென நிறுத்தினால் கல்லீரல் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கண் அழற்சியை அடக்க மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரை பேச்சு வந்தால், அது கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்பதால் கண் டாக்டரும் கல்லீரல் டாக்டரும் பேசிக்கொண்ட பிறகே தொடங்கச் சொல்லுங்கள். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) இருந்தால் வலிக்கு இபுப்ரோஃபென் கூடாது.

செம்பு நிலவரம் அறிய 24 மணி நேரச் சிறுநீர் கேட்பார்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் மறுநாள் காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரையும் சேர்த்து லேப் தரும் கேனிலேயே பிடியுங்கள். ஒரு தடவை தவறினாலும் கணக்கு குறைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும்.