கோராகுவென் ஹாலில் நான்கு ரவுண்ட்

டோக்கியோவில் இருந்த ஐந்து நாளில் கோயில்களையும் பார்த்தேன், மீன் சந்தையையும் பார்த்தேன். அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு மாலையைப் பற்றி. 2025 செப்டம்பரில், கோராகுவென் ஹாலில், புதுமுகக் குத்துச்சண்டை வீரர்களின் அரையிறுதிகளைப் பார்த்த மாலை.

மதியம் முழுக்க ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடைகளில் சுற்றிவிட்டு அங்கிருந்து நடந்தே போனேன். சுய்தோபாஷி ஸ்டேஷன், அதை ஒட்டி ஓடும் காண்டா ஆறு, பாலம் தாண்டினால் டோக்கியோ டோம். வெயில் இறங்கியும் புழுக்கம் விடவில்லை. டோமில் பேஸ்பால் ஆட்டம் போலிருக்கிறது. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட கூட்டம் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்துப் பொழுதுபோக்குப் பூங்காவில் ரோலர் கோஸ்டர் கீழே பாயும்போதெல்லாம் ஒரு கத்தல் வந்து அடங்கும். இத்தனை சத்தத்துக்கும் நடுவில், ஏதோ அலுவலகம் மாதிரி நிற்கிற ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருக்கிறது ஹால். 1962-ல் திறந்தது. ஜப்பானியக் குத்துச்சண்டைக்காரர்களுக்கு இதுதான் புண்ணியத் தலம். அவர்களே அந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள்.

லிஃப்ட் இருந்தாலும் படியேறிப் போனேன். போகிறவர்கள் தவறாமல் படியேறுங்கள். சுவர் முழுக்க கிறுக்கல். பேனாவில், மார்க்கரில், சாவியால் கீறி, ஒன்றின் மேல் ஒன்றாக. பல வருடத்து ரசிகர்கள், தங்கள் வீரனின் பெயரை, திட்டை, வேண்டுதலை எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு எழுத்து படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்றுதான் ஏறினேன்.

ஹால் நான் நினைத்ததைவிடச் சின்னது. இரண்டாயிரம் பேர் வந்தால் நெருக்கியடித்து உட்கார வேண்டும். அன்று பாதிக்கு மேல் நிரம்பவில்லை. அதனால் ஒன்று நடந்தது: எல்லாம் காதில் விழுந்தது. ஷூ கான்வாஸில் உரசுவது, மூக்கால் மூச்சை வெடித்து விடுவது, விலாவில் குத்து விழும்போது வரும் அந்த மந்தமான ஒலி. தொலைக்காட்சியில் எத்தனை உலகப் பட்டப் போட்டி பார்த்திருந்தாலும் இதைக் கேட்டிருக்க முடியாது.

இந்தப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் தொழில்முறை வீரனாக வேண்டுமென்றால் ஜப்பான் குத்துச்சண்டை ஆணையம் நடத்தும் தேர்வில் தேற வேண்டும். எழுத்துத் தேர்வு உண்டு, ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டையும் உண்டு. தேறினால் சி வகுப்பு உரிமம். நான்கு ரவுண்ட் சண்டை மட்டும் போடலாம். நான்கு வெற்றி சேர்ந்தால் பி வகுப்பு, ஆறு ரவுண்ட். அதற்கும் மேலே ஏ வகுப்பு, எட்டு ரவுண்டும் அதற்கு மேலும். அந்த அடிப்படியில் நிற்கிற பையன்களுக்காக வருடா வருடம் நடப்பதுதான் 'ஷின்ஜின்-ஓ', அதாவது புதுமுக மன்னன் போட்டி. 1954-லிருந்து நடக்கிறது. கிழக்கு ஜப்பானில் ஒரு வரிசை, மேற்கில் ஒரு வரிசை. செப்டம்பர் அரையிறுதியில் ஜெயிப்பவன் நவம்பரில் கிழக்கின் இறுதிக்குப் போவான். அதிலும் ஜெயித்தால் டிசம்பரில் மேற்கின் மன்னனோடு இதே ஹாலில் மோதுவான். அங்கே ஜெயிப்பவனுக்குத் தேசிய தரவரிசையில் இடம் கிடைக்கும். நேற்றுவரை யாருக்கும் தெரியாத பையன் அன்று முதல் பட்டியலில் இருப்பான்.

எனக்கு இந்தப் போட்டி மீது பைத்தியம் பிடித்ததற்கு இரண்டு சண்டைகள் காரணம். ஒன்று 1960-ல் நடந்தது. கிழக்கு ஜப்பானின் ஃப்ளைவெயிட் எடைப்பிரிவு இறுதியில் ஃபைட்டிங் ஹராடாவும் ஹிரோயுகி எபிஹாராவும் மோதினார்கள். ஹராடா ஜெயித்தார். இரண்டே வருடத்தில், 19 வயதில், தாய்லாந்தின் போன் கிங்பெட்ச்சை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். பிரேசிலின் மாபெரும் வீரர் எடர் ஜோஃப்ரே தன் வாழ்நாளில் தோற்றது ஒரே ஒருவரிடம்தான், அதுவும் இரண்டு முறை. அந்த ஒருவர் ஹராடா. சரி, தோற்றுப்போன எபிஹாரா என்ன ஆனார்? 1963-ல் அதே கிங்பெட்ச்சை முதல் ரவுண்டிலேயே சாய்த்து அவரும் உலகச் சாம்பியன் ஆனார்.

இன்னொன்று 2016 டிசம்பர், இந்த ஹாலில். அகில ஜப்பான் ஃப்ளைவெயிட் இறுதி. ஒரு மூலையில் ஜுன்டோ நகதானி, மறு மூலையில் மசமிச்சி யாபுகி. இருவருமே மியே மாகாணத்துப் பிள்ளைகள். நகதானி நடுநிலைப் பள்ளி முடித்ததும், 15 வயதில், உயர்நிலைப் பள்ளியே வேண்டாமென்று லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பயிற்சிக்குப் போனவர். அன்று புள்ளிகளில் ஜெயித்தார். 2020 நவம்பரில் இதே ஹாலில் முதல் உலகப் பட்டத்தைப் பிடித்து, பிறகு மூன்று எடைப்பிரிவுகளில் சாம்பியன் ஆனார். தோற்ற யாபுகியும் பிற்பாடு இரண்டு எடைப்பிரிவுகளில் உலகச் சாம்பியன். அன்று இந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் வருங்கால உலகச் சாம்பியன்கள் இருவரைச் சில ரவுண்டுகள் பார்த்துவிட்டு, தெரியாமலே ரயில் பிடித்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

இந்த நினைப்போடுதான் ரிங்குக்கு எதிரே மேட்டு வரிசையில் போய் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி ஒரே மாதிரி நீல வேலைச் சட்டை போட்ட பதினோரு பேர். கழுத்தில் துண்டு போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தார். போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினோம். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள். ஏழாவது சண்டையில் சிவப்பு மூலையில் வரப்போகிற பையன், 21 வயது, தினமும் அவருடைய லாரியில் வருகிறவன். குளிர்சாதனப் பெட்டியை முதுகில் கட்டித் தனியாகப் படியேற்றுவானாம். "நேற்று எடை பார்க்கும்வரை ஒரு வாரமாக அவன் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை" என்று போன் சொன்னது. ஃப்ளைவெயிட் என்றால் 50.80 கிலோவுக்கு மேல் ஒரு கிராம்கூட இருக்கக் கூடாது.

அந்தப் பதினோரு பேரின் நுழைவுச் சீட்டும் பையனிடமே வாங்கியவை. நான்கு ரவுண்ட் வீரனின் சம்பளம் சுமார் 60,000 யென். அதிலும் மூன்றில் ஒரு பங்குவரை ஜிம்முக்குப் போகும். பல பேருக்கு அதைப் பணமாகக் கொடுக்காமல் நுழைவுச் சீட்டுகளாகக் கொடுப்பார்கள், விற்றால்தான் காசு. ஆக, இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும் யாரோ ஒரு பையனின் முதலாளி, சலூன்காரர், பள்ளித் தோழன், அத்தை. ஒரு சண்டை முடிந்ததும் ஒரு பக்கத்து வரிசை மொத்தமாக எழுந்து வெளியே போகும். அடுத்த கூட்டம் உள்ளே வரும்.

ஆறு சண்டைகள் போனது தெரியவில்லை. இரண்டு நாக் அவுட். ஒன்றில் நடுவர் சரியான நேரத்தில் நிறுத்தினார். ஹாலே ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு பிறகு கைதட்டியது. ஏனென்று எனக்குப் புரிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால், ஆகஸ்ட் 2-ம் தேதி, இதே ரிங்கில் ஒரே இரவில் சண்டை போட்ட ஷிகெதோஷி கொதாரி, ஹிரோமாசா உரகாவா என்ற இருவர் மூளையில் இரத்தம் கசிந்து, அடுத்தடுத்த நாட்களில் இறந்துபோனார்கள். இருவருக்கும் 28 வயது. அதன் பிறகு கிழக்காசிய-பசிபிக் (OPBF) பட்டப் போட்டிகளை 12 ரவுண்டிலிருந்து 10-ஆகக் குறைத்தார்கள். இந்த விளையாட்டை நேசிக்கிறேன் என்று சொல்கிறவர்கள் அந்த இரண்டு பெயரையும் மறக்காமல் வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். எனக்குள்ளும் அன்று மாலை முழுக்க அந்தப் பயம் இருந்தது. ரிங் ஓரம் டாக்டர் எழுந்து நிற்கும்போதெல்லாம் நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஏழாவது சண்டை. சிவப்பு மூலையில் நம் பையன், கட்டையான உடம்பு, அகன்ற தோள். நீல மூலையில் இடக்கைக்காரன், ஒரு ஜாண் உயரம் அதிகம், கல்லூரி மாணவனாம். முதல் ரவுண்டிலேயே பையனின் குறை எனக்குத் தெரிந்துவிட்டது. இடது கையால் ஜாப், அதாவது நேரான வேகக் குத்து, போட்டுவிட்டு இழுக்கும்போது கை தாடைக்குத் திரும்பாமல் நெஞ்சுக்குத் திரும்பியது. அந்த இடைவெளியில் உயரமானவனின் வலது ஹூக், பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, வந்து உட்கார்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குத் தெரிந்தது லாரிக்காரருக்கும் தெரிந்தது. "ஹிதாரி! ஹிதாரி!" என்று கத்தினார். இடது, இடது.

இரண்டாவது ரவுண்டில் பையன் தலையைத் தேடுவதை விட்டான். குனிந்து உள்ளே போய் வலது கையை நேராக வயிற்றில் இறக்கினான். பெட்டி தூக்கிப் பழகிய கால்கள், பின்னால் நகரவே இல்லை. மூன்றாவதிலும் அதேதான், ஆனால் ஹூக்கும் நிற்கவில்லை. இடைவேளையில் அவன் ஸ்டூலில் உட்கார்ந்தபோது இடது கண்ணோரம் பிளம்ஸ் பழம் மாதிரி வீங்கியிருந்தது. செகண்ட், அதாவது மூலையில் நிற்கும் உதவியாளர், குளிர்ந்த இரும்புத் துண்டை அதன் மேல் அழுத்தினார், வாசலினை விரலால் வழித்துப் புருவத்தில் தடவினார், வாயில் கொஞ்சம் தண்ணீர். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள். பையன் அவரைப் பார்க்கவில்லை. எதிர் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்காவது ரவுண்டை விவரிக்கத் தெரியவில்லை. இருவரும் நடுவில் நின்று அடித்துக்கொண்டார்கள். ஜப்பானில் ரவுண்ட் முடியப் பத்து வினாடி இருக்கும்போது மரக்கட்டைகளைத் தட்டுவார்கள். 'கட், கட்' என்று அந்த ஒலி வந்ததும் நீலச் சட்டைக்காரர்கள் பதினோரு பேரும் எழுந்துவிட்டார்கள். நானும் எழுந்துவிட்டேன். மணி அடித்தபோது இரண்டு பையன்களும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள்.

தீர்ப்பு. ஒரு நடுவர் சிவப்புக்கு 39-37. மற்ற இருவரும் 38-38. பெரும்பான்மைப்படி டிரா. லாரிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் இது நாக் அவுட் முறைப் போட்டி. யாராவது ஒருவர்தான் மேலே போக முடியும். டிரா ஆனால் யார் ஒரு மயிரிழை மேல் என்று நடுவர்கள் தனியாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அறிவிப்பாளர் மீண்டும் மைக்கை எடுத்தார். நீல மூலையின் கை உயர்ந்தது.

பையனின் கணக்கில் இது தோல்வி இல்லை. ஏட்டில் டிரா என்றே இருக்கும். ஆனால் நவம்பரில் இந்த ரிங்கில் ஏறப்போவது அவன் இல்லை. தோற்காமலே வெளியேறுவதை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவன் எதிர் மூலைக்குப் போய் அவர்கள் செகண்டுகளுக்குக் குனிந்து வணங்கினான், பிறகு நான்கு திசைக்கும் வணங்கினான், இறங்கிப் போனான். என் மனம் அடங்கவில்லை. இன்னொரு ரவுண்ட் இருந்தால் அவன்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கடைசிச் சண்டைக்கு முன்னால் தண்ணீர் வாங்க லாபிக்கு வந்தேன். பக்கத்து டோமில் 2024 மே மாதம் ஜப்பானின் உலகச் சாம்பியன் நவோயா இனோவே முதல் ரவுண்டில் கீழே விழுந்து எழுந்து, ஆறாவதில் மெக்சிகோவின் லூயிஸ் நெரியைச் சாய்த்தார். அவர் முதல் சண்டை போட்டது 2012 அக்டோபரில், இந்த ஹாலில். இங்கிருந்து அங்கே நடந்தால் மூன்று நிமிடம்கூட ஆகாது. அவருக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு வருடம் பிடித்தது. அவர் அமெச்சூரில் பெயர் வாங்கி நேராக எட்டு ரவுண்டில் இறங்கியவர். லாரிப் பையனுக்கு அந்த வசதி கிடையாது.

லாபியில் அவன் நின்றிருந்தான். குளித்துவிட்டு, ஜிம் டி-ஷர்ட்டில், கண்ணில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு. இங்கே சண்டை முடிந்ததும் வீரர்கள் வெளியே வந்து சீட்டு வாங்கிய ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்வது வழக்கம். பதினோரு பேரும் வரிசையாக வர, ஒவ்வொருவருக்கும் குனிந்தான். லாரிக்காரர் அவன் இடது கையைப் பிடித்துத் தாடைக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துக் காட்டினார். இங்கே, இங்கே வரவேண்டும். பையன் தலையாட்டினான். ஐஸ் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே ஜாப் போட்டுக் காட்டினான். கை சரியாகத் தாடைக்குத் திரும்பியது. இன்னொரு தடவை என்றார். போட்டான்.

என்னையும் அந்தக் கூட்டத்தோடு வந்தவன் என்று நினைத்து எனக்கும் குனிந்தான். நான் கவுன்டரில் வாங்கிய சீட்டுதான், அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் குனிந்தேன். அடுத்த சண்டை எப்போது என்று போனில் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை, லாரிக்காரரைப் பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். போன் கொஞ்சம் யோசித்து மொழிபெயர்த்தது: "நாளை காலை ஏழு மணிக்கு. நான்காம் மாடி வீடு, லிஃப்ட் இல்லை."