கரண்டு போயி போயி வந்தா குரோ லைட்டுக்கு என்ன ஆவும்

தக்கலைல எங்க மாடி ரூம்ல ஆந்தூரியம் பூச்செடி நாத்துக்கு எல்இடி குரோ லைட் (வெயிலுக்கு பதிலா செடி வளர போடுற லைட்டு) போட்டிருக்கேன், ஐப்பசி மழைல கரண்டு ஒரு மணி நேரத்துல நாலஞ்சு தடவ போயி வரும், ரெண்டாவது வருசமே ஒண்ணு மினுக்க ஆரம்பிச்சிட்டு. கழட்டி பாத்தா எல்இடி நல்லாத்தான் இருக்கு, எல்இடிக்கு ஏத்த மாதிரி கரண்ட மாத்தி குடுக்குற டிரைவர்ல கப்பாசிட்டர்தான் உப்பியிருக்கு. ஒவ்வொரு தடவ ஆன் ஆகும்போதும் ஒரு கண நேரம் கரண்டு பல மடங்கு பாயும், அதோட சூடாகி ஆறி சூடாகி ஆறி பாகங்கள போர்டுல பத்த வச்சிருக்க சால்டரும் விரிசல் விடும் பாத்துக்கிடுங்க. டைமர்ல தெனமும் ஒருதடவ ஆன் ஆஃப் பண்றதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். பழைய சோடியம் லைட் வச்சிருக்கவங்க பாடுதான் கஷ்டம், அணைஞ்சா ஆறுற வரைக்கும் திரும்ப எரியாது. இப்ப டிரைவர மட்டும் மாத்தி, கரண்டு வந்து 5 நிமிசம் கழிச்சு ஆன் ஆகுற டிலே டைமரும் மாட்டிட்டேன், நாத்து புது இலை விட்டிருக்கு.