வலக்கை விதியும் ஒரு நொட்டாங்கையும்

நம்ம பிசிக்ஸ் சார் தவறிட்டாருன்னு பேட்ச் குரூப்ல பாத்ததும் எனக்கு முதல்ல வந்தது துக்கம் இல்லீங்க, அந்த பிளஸ் ஒன் பீரியட்தான். வலக்கை பெருவிரல் விதி: வலது கைப் பெருவிரல் கரண்ட் போற திசை, மடக்குன விரல் காந்தப்புலம் சுத்தற திசை. கரண்ட் மேல போனா காந்தப்புலம் எப்படிச் சுத்தும்னு காட்டச் சொன்னாரு, நான் பழக்கதோஷத்துல நொட்டாங்கையைத் தூக்கிட்டேன், புலம் தலைகீழா சுத்துச்சு. பெல் அடிக்கற வரைக்கும் தூக்குன கையோட நிக்க வெச்சாரு. அதுக்கப்புறம் என் பேரு என்னன்னு உங்களுக்கே தெரியும்.

அதே மனுஷன்தான் ஒரு சாயங்காலம் லேபைப் பூட்டறப்ப கூப்புட்டு, "டேய், இயற்கையே நொட்டாங்கைதான்டா"ன்னாரு. சாரி கீரி எல்லாம் இல்ல, நேரா பாடம். 1956ல லீ, யாங்னு ரெண்டு விஞ்ஞானிங்க, இயற்கை இடது வலதை ஒரே மாதிரிதான் நடத்துதான்னு சந்தேகத்தைக் கிளப்ப, வூங்கற விஞ்ஞானி அம்மா, எலக்ட்ரானைக் கக்கற கோபால்ட்-60ஐ பயங்கரமா குளிர வெச்சு, அணுக்கரு எல்லாத்தையும் ஒரே பக்கமா சுத்த வெச்சுப் பாத்தா, எலக்ட்ரான் சுழற்சிக்கு எதிர்த் திசையிலதான் அதிகமா வருது. கண்ணாடியில பாத்தா சுழற்சி மட்டும் தலைகீழாகும், அந்த மாத்து உலகம் நிஜத்துல கெடையவே கெடையாது! 1957 நோபல் லீக்கும் யாங்குக்கும், வூவுக்கு இல்ல. அதைச் சொல்றப்ப சாருக்கு வந்த கோவத்துல கால்வாசி அன்னிக்கு கிளாஸ்ல எனக்காக வந்திருக்கலாம். இதுக்குத் தியரி எழுதுனது மார்ஷக்கும் நம்ம மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல படிச்ச சுதர்சனும்னு சொல்றப்ப மட்டும் மூஞ்சி மலர்ந்துச்சு.

மேட்டரை ஆன்ட்டிமேட்டரா (அதே எடை, எதிர் மின்சுமை உள்ள துகளா) மாத்தி, கண்ணாடியும் வெச்சா இடது வலது சரியாயிடும்னு நெனச்சதையும் 1964ல குரோனினும் ஃபிட்சும் ஒடச்சாங்க. அந்தக் கணக்குப்படி நீண்ட ஆயுள் கேயான்ங்கற நுண்துகள், பயான்ங்கற இன்னும் சின்னத் துகள் ரெண்டா ஒடையவே கூடாது, ஆனா சுமாரா 500ல ஒண்ணு ஒடையுது. "அந்த ஒண்ணுக்காக மிச்சத்தையும் எண்ணணும்டா"ன்னாரு. இப்ப அதான் எனக்குச் சோறு போடுது, ஜெனிவால. கேயான் ஒரு பயானாவும் ரெண்டு நியூட்ரினோவாவும் (எதுலயும் லேசுல மோதாத துகள்) ஒடையறது தியரிப்படி 10,000 கோடிக்கு எட்டு சொச்சம், 2024ல வந்த அளவு சுமார் 13. பிழை எல்லை பெருசு, புது பிசிக்ஸ்னு யாரும் குதிக்க வேணாம்.

பசங்களுக்கு வந்து சொல்லுடான்னு சார் போன்ல கேட்டுட்டே இருந்தாரு. நானும் அடுத்த லீவு அடுத்த லீவுன்னு, சேலம் வந்தா கல்யாணம், ஏற்காடு, காபித்தூள், ஏர்போர்ட். சேலத்துலயே ஒரு காலேஜ்ல வாத்தியாரா இருந்திருந்தா கேயானைப் பாத்திருக்க மாட்டேன், சாரைப் பாத்திருப்பேன்.

நம்ம பழைய மாணவர் சங்கம் சாருக்குச் சிலை வெக்கப் போவுதாம். தலைவர் அண்ணன் கோச்சுக்காதீங்க, சிலைக்கு எங்கிட்ட காசு கேக்காதீங்க. லேபுக்கு ஒரு கிளவுட் சேம்பர் வெக்கலாம், கண்ணாடிப் பெட்டி, ஆல்கஹால், டிரை ஐஸ் போதும், வானத்துல இருந்து வர்ற மியூவான் துகள் கோடு போடறதைப் பசங்களே பாக்கலாம். டிரை ஐஸ் சேலத்துல எங்க கெடைக்கும்னு யாராச்சும் விசாரிங்க, மிச்சச் செலவு என்னோடது.