காலி எடை எந்தக் கட்டம்?

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்கு, எடை பதிந்து ரசீது தரும் செயலி எழுதிக் கொடுத்தேன். அங்கே கணக்கு பார்க்கும் அண்ணனுக்குப் பார்வை மிகவும் குறைவு. போனில் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் டாக்பேக்கைப் போட்டு, அது படிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டே வேலையை முடிப்பார். முதல் நாள் என் செயலியைத் தடவிப் பார்த்தவர் கேட்டார்: "தம்பி, எல்லாத்தையும் எடிட் பாக்ஸ், எடிட் பாக்ஸ்னே சொல்லுது. காலி எடை எந்தக் கட்டம்?"

சரக்கேற்றிய வண்டிக்கு ஒரு படம், காலி வண்டிக்கு ஒரு படம் என்று வரைந்து வைத்திருந்தேன். எழுத்து கிடையாது. படத்துக்குப் பெயர் கொடுக்காவிட்டால் டாக்பேக்குக்குச் சொல்ல எதுவுமில்லை.

அவருக்காகத்தான் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே 'லோடு எடை', 'காலி எடை' என்று எழுதி, கட்டத்தோடு இணைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நன்றாகக் கண் தெரியும் பையன்களுக்கும் அந்த இரண்டு குட்டி லாரிகளும் ஒன்றுபோலவே இருந்திருக்கின்றன. மாற்றிப் போட்டுவிடுவார்கள், நிகர எடை மைனஸில் வரும், பின்னால் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். யாரும் என்னிடம் சொன்னதில்லை. தங்கள் தப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எழுத்தின் நிறமும் அப்படித்தான். அணுகல்தன்மைக்கான, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச மாறுபாடு வேண்டும் என்கிறது. என் சாம்பல் எழுத்து 3-ஐக்கூட எட்டவில்லை. ஏசி அறையில் அழகாகத்தான் இருந்தது. ஜூன் மாத உச்சிவெயிலில் எடைமேடையில் நின்று பார்த்தேன், எனக்கே ஒன்றும் தெரியவில்லை. பையன்கள் தலையில் துண்டைப் போட்டு, அந்த நிழலுக்குள் போனை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தைக் கறுப்பாக்கிய பிறகு துண்டு தோளுக்கு வந்துவிட்டது.

பட்டன்களை ஆண்ட்ராய்டு சொல்லும் 48 டிபி அளவுக்கு, அதாவது சுமார் 9 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கினேன். பெங்களூரா ரக மாங்காயை இறக்கும் கையில் மாம்பால் பிசுபிசுக்கும். அந்த விரலுக்குச் சின்னப் பட்டன் எப்படிச் சிக்கும்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகல்தன்மையைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் மண்டிக்குச் செயலி எழுதுகிறவனிடம் இதைக் கேட்க யாரும் வருவதில்லை. கேட்காமலே முதல் நாளிலிருந்து செய்ய வேண்டிய வேலை இது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

கடைசியாக அண்ணன் கேட்டது, நிகர எடையை வாய்விட்டுத் தமிழில் சொல்லும் ஒரு பட்டன். "ரெண்டாயிரத்து ஐநூத்தி ஐம்பது கிலோ" என்று போன் சொல்வதை வெளியே நின்ற விவசாயிகளும் கேட்டார்கள். காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து லோடு கொண்டுவந்த ஒரு அம்மா, ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார்: "இன்னொருக்கா சொல்லச் சொல்லுப்பா. என் காய் எடையை இப்பத்தான் என் காதால கேக்கறேன்."

அண்ணன் பட்டனை மறுபடி அழுத்தினார்.