ஆப்பு ஒன்றில் மட்டும் வேறு எண்

என்னிடம் இருக்கும், அமெரிக்க கோல்ட் கம்பெனியின் பழைய 1851 நேவி ரிவால்வர் அசல்தானா, எந்த நிலையில் இருக்கிறது என்பதை முறையாக எழுத்தில் வாங்க நான்கு மாதம் ஆனது. மூன்று பேரிடம் காட்டினேன். முதல் இருவரிடம் போனது வீண். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு ஒரு அலைச்சலாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

உடைமைக்கான ஆவணங்கள் ஏற்கெனவே சரியாக இருந்தன. அதில் சிக்கல் வரவில்லை. காப்பீட்டுக்கு மதிப்பீட்டாளர் கடிதம் கேட்டார்கள். அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் போனவர் பழம்பொருள் எதுவானாலும் பார்ப்பவர். கடிகாரம், வெண்கலச் சிலை, மேசை, துப்பாக்கி எல்லாம். ரிவால்வரைக் கையில் வாங்கினார், குண்டு போடும் அறைகள் உள்ள சிலிண்டரைச் சுற்றியிருக்கும் கப்பல் சண்டைக் காட்சியைப் பார்த்து வியந்தார். அப்புறம் நான் தடுப்பதற்குள் ஒரு துணியில் உலோகப் பாலிஷைத் தொட்டு, கைப்பிடியின் பின்பக்கப் பித்தளைப் பட்டையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். "இப்போ பாருங்க, எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு!"

அமெரிக்காவில் கோல்டின் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலையில் செய்த நேவிகளில் பெரும்பாலும் இந்தப் பட்டையும், விசையைச் சுற்றி வளையும் ட்ரிகர் கார்டும் பித்தளை. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது அதன் மேல் வெள்ளி முலாம் இருக்கும். என்னுடையதில் முலாம் தேய்ந்து, ஓரங்களில் மட்டும் கறுத்துத் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் பாதி அந்தத் துணியோடு போய்விட்டது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது அரை நிமிடத்தில் போனதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. தயவுசெய்து, பொருளைக் கையில் கொடுக்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: துடைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, எண்ணெய்கூடப் போடக் கூடாது. நீங்களும் வீட்டில் பளபளப்பாக்கி எடுத்துப் போகாதீர்கள்.

அவர் கொடுத்த கடிதம் அரைப் பக்கம். "அசல். நல்ல நிலை." அவ்வளவுதான். ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. காப்பீட்டில் அதைத் திருப்பி அனுப்பினார்கள். எந்தெந்த பாகத்தில் என்ன எண், அசல் பூச்சு எத்தனை சதவீதம், மாற்றிய பாகம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். கேள்வி நியாயமானது. கூடவே, என் எண் தொழிற்சாலையின் பழைய பதிவேட்டில் இருப்பதைக் காட்டும் ஒரு கடிதமும் கேட்டார்கள். அதன் பின்னால் ஆறு வாரம் போனது. 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலையில் பெரிய தீ விபத்து நடந்தது. கேப், அதாவது ஹேமர் தட்டினால் பொறி தரும் சிறு மூடி, வைத்துச் சுடும் அந்தக் காலத்து ரிவால்வர்களுக்கு ஏடுகள் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. என் எண் அதில் இல்லை. உங்களுடையதும் அந்தக் காலத்து கோல்ட் என்றால், கடிதத்துக்குக் காத்திருக்கும் முன் உங்கள் எண்ணுக்கு ஏடு இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது ஆள் துப்பாக்கி மட்டுமே பார்ப்பவர் என்பதால் நம்பிப் போனேன். கவிழ்த்துப் பார்த்தார், "நகல்" என்றார். காரணம், வரிசை எண்ணின் இலக்கங்கள் ஒரே கோட்டில் இல்லையாம், ஒன்று மேலே ஏறி நிற்கிறதாம். கோல்ட் கம்பெனி அப்படி அடித்திருக்காது என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் மனசு விட்டுப்போயிருந்தது. அந்தக் காலத்தில் இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கையால் அடித்தார்கள், லேசாகக் கோணியிருப்பது இயல்பு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவதாகப் பார்த்தவர் வயதான சேகரிப்பாளர். பேசி நேரம் வாங்கவே மூன்று வாரம் ஆனது, ஆனால் அந்த ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் ஈடுகட்டியது. மேசையில் கம்பளித் துணி விரித்தார். முதல் வேலையாக ஹேமரைப் பாதி இழுத்து நிறுத்தி, கேப் மாட்டும் நிப்பிள் முனைகளில் ஏதாவது கேப் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஒரு மெல்லிய மரக்குச்சியை ஆறு அறைகளிலும் முன்பக்கமாக விட்டு ஆழத்தை ஒப்பிட்டார். "தம்பி, பாட்டன் காலத்து வெடிமருந்து இன்னும் உள்ளே கிடக்கலாம். எத்தனையோ பேர் வெறும் துப்பாக்கின்னு நினைச்சுப் பிடிச்சிருக்காங்க." முந்தைய இருவரும் இதைச் செய்யவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்து, நகலா என்ற கேள்வி. 1950களின் கடைசியிலிருந்து இத்தாலியில் இந்த மாடலுக்கு நகல்கள் செய்கிறார்கள். அவற்றில் அந்நாட்டுச் சோதனை முத்திரை இருக்கும்: நட்சத்திரம், அதன் கீழே பி.என். எழுத்துகள், சிறு கட்டத்துக்குள் வருடக் குறி. ஏமாற்றுபவர்கள் அதை அரத்தால் ராவிவிடுவார்களாம். ராவிய இடத்தில் மெல்லிய பள்ளம் நிற்கும் என்று சொல்லி, குழலையும் ஃபிரேமையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். பரப்பு எங்கும் மட்டமாக இருந்தது. குழலின் எட்டு முனைகளும் கத்தியால் சீவியது போல நின்றன. மறுபடி பாலிஷ் போட்டு, இரும்புக்குக் கொடுக்கும் நீலப் பூச்சை ஏற்றியிருந்தால் முதலில் மழுங்குவது இந்த முனைகளும் எழுத்துகளின் ஓரமும் திருகுத் துளைகளின் விளிம்பும்தான். துரு தின்ற குழியின் அடியில் நீலம் தெரிந்தால் அந்த நீலம் பிறகு வந்தது என்றும் சொன்னார். என்னுடையதில் குழிகள் பழுப்பாகவே இருந்தன.

பிறகு பிரித்தார். திருகின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும்படி தானே தேய்த்து வைத்த திருப்புளிகள் அவரிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. சாதாரணத் திருப்புளி கொண்டு வருபவரிடம் உங்கள் ரிவால்வரைக் கொடுக்காதீர்கள். பிளவு ஒருமுறை கிழிந்தால் கிழிந்ததுதான்.

எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார், நான் எழுதிக்கொண்டேன். குழல், ஃபிரேம், ட்ரிகர் கார்டு, பின்பட்டை நான்கிலும் ஒரே எண். சிலிண்டரிலும் அதுவே. குண்டை அழுத்தும் நெம்புகோல், சிலிண்டர் சுழலும் அச்சு இரண்டும் அதே எண். குழலை ஃபிரேமோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்பை வெளிச்சத்தில் காட்டினார். கடைசி இலக்கங்கள் வேறு. இன்னொரு நேவியின் ஆப்பு அது. எந்தக் காலத்திலோ தொலைந்து, யாரோ ஒருவர் கிடைத்ததைச் செருகியிருக்கிறார்.

கடைசியாக வால்நட் கைப்பிடியைக் கழற்றினோம். உட்புறக் குடைவில் மையால் எண் எழுதியிருப்பார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சை ஓரமாகச் சாய்த்துப் பிடித்தபோது கடைசி மூன்று இலக்கங்கள் மங்கலாக எழுந்து வந்தன. அதே எண்! எனக்குக் கை நடுங்கியது. பட்டையின் உள்விளிம்பில், பாலிஷ் துணி எட்டாத இடத்தில், வெள்ளி ஒரு கோடாக அப்படியே இருந்தது. நெம்புகோலுக்கு அடியில் குழலின் வயிற்றில் மறைந்து கிடந்த நீலம், மழைக்கு முந்திய மேகம் போல ஆழமாக இருந்தது. குழலும் சிலிண்டரும் ஒரு காலத்தில் முழுக்க அந்த நிறம்.

சிலிண்டர் காட்சிக்கும் தனியாகச் சதவீதம் போட்டார். ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞர் செய்த அந்தப் படம் டெக்சஸ் கடற்படையும் மெக்சிகோ கடற்படையும் மோதிய காம்பேச்சே சண்டையைக் காட்டுகிறது. 1843 மே 16 என்ற தேதியும் அதில் உண்டு. உருட்டி அழுத்திப் பதித்ததால் ஆழம் குறைவு, கைபட்டே தேய்ந்துவிடும். என்னுடையதில் கப்பல்கள் பாதிக்கு மேல் தெரிகின்றன, தேதி முழுதாகப் படிக்க முடிகிறது.

தரம் போடும்போதுதான் வலித்தது. அமெரிக்க தேசிய ரைஃபிள் சங்கத்தின் பழந்துப்பாக்கித் தர வரிசையில் "மிக நன்று" என்றால் பாகங்கள் எல்லாம் அசலாக இருக்க வேண்டும். அசல் பூச்சு 30 சதவீதமோ அதற்குக் குறைவோ இருந்தாலும் போதும், முனைகள் கூர்மையாக இருக்க வேண்டும். என்னுடையது அதில் சரியாக உட்காரும், ஆப்பைத் தவிர. சிறு பாகம் மாறியிருந்தால் அடுத்த படியான "நன்று". விரல் நீளத் துண்டு இரும்புக்காக ஒரு படி இறங்கியது. நான் வாதாடிப் பார்த்தேன். அவர் அசையவில்லை, உலோகத்தின் நிலை மேற்படிக்கு உரியது என்று தனி வரியாகச் சேர்த்துக் கொடுத்தார்.

மூன்று பக்கக் கடிதம், ஒன்பது எண்களின் படங்கள். காப்பீட்டில் மறுவாரமே ஏற்றுக்கொண்டார்கள்.

விஷயம் வெளியே தெரிந்ததும் பழுது பார்க்கும் ஒருவர் கூப்பிட்டார். எண் இல்லாத பழைய ஆப்பு ஒன்று இருக்கிறதாம், என் எண்ணை அடித்துத் தருகிறாராம், யாருக்கும் தெரியாதாம். பெரியவரிடம் சொன்னேன். "அன்னைக்கு அது போலி ஆயிடும், தம்பி. இன்னைக்கு அது பழுது பார்த்த அசல்." வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆப்பு அப்படியே இருக்கிறது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் "ஆப்பு: வேறு எண், அதே காலத்தது" என்ற வரியும் இருக்கிறது, இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறேன்.