கீழாநெல்லி என்று நினைத்து 14 மாதம்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தது 2012-ல், வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்தது 2018-ல். நடுவில் 14 மாதம் வேறு ஏதோ ஒரு செடியைக் கீழாநெல்லி என்று நம்பி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். மூலிகை, களைச்செடி என்று ஆராய்ச்சிக்கு வருகிற பிள்ளைகள் இப்போதெல்லாம் என்னிடம் முதலில் கேட்பது எந்த ஜர்னலில் போடலாம் என்பதைத்தான். அதற்கு முன்னால் கையில் இருப்பது எந்தச் செடி என்று உறுதி செய்ய வேண்டும், அது எனக்கு எப்படிப் புரிந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் துறையில் மூலிகை ஆய்வு என்றால் அப்போது ஒரே பாட்டுதான். செடியைக் காயவை, பொடி செய், மெத்தனாலில் சாறு எடு, ஆன்டிஆக்சிடன்ட் திறனைப் பார்க்கிற டிபிபிஹெச் சோதனை போடு, நாலு பாக்டீரியாவை வளர்த்து, சாறு வைத்த இடத்தைச் சுற்றி அவை வளராமல் விழுகிற வட்டத்தை ஸ்கேலால் அள, கட்டுரை எழுது. நானும் அதையேதான் செய்தேன். செடிக்கு வயலுக்குப் போகவில்லை. டவுனில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த கீழாநெல்லி இரண்டு கிலோ வாங்கினேன், பில் கூட வாங்கி ஃபைலில் வைத்தேன். அதுதான் ஆதாரம் என்று நினைப்பு!

2014-ல் அனுப்பிய கட்டுரை மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஜர்னலுக்காகக் கட்டுரையைப் பரிசீலித்த நடுவர் அதிகம் எழுதவில்லை, இரண்டே கேள்விதான். வவுச்சர் நம்பர் எங்கே? முதல் படத்தில் இருப்பது ஃபில்லாந்தஸ் மதராஸ்பாட்டென்சிஸ் மாதிரி இருக்கிறதே, ஏன் அமாரஸ் என்று எழுதியிருக்கிறீர்கள்? ஃபில்லாந்தஸ் அமாரஸ்தான் கீழாநெல்லியின் தாவரவியல் பெயர்.

வவுச்சர் என்றால் வேறொன்றுமில்லை. நீங்கள் எந்தச் செடியில் வேலை செய்தீர்களோ அதே கூட்டத்திலிருந்து ஒன்றைப் பூவும் காயுமாகப் பிடுங்கி, அழுத்திக் காயவைத்து, உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கிற ஒரு ஹெர்பேரியத்தில் எண் போட்டு வைப்பது. நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் இருந்தது பொடியும் மிச்சக் கடைச் சரக்கும்தான். மீதியிருந்த பொட்டலத்தைப் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கீழாநெல்லிக்கு நடுத்தண்டில் முழு இலை இருக்காது, பக்கக் கிளைகளில்தான் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும், பார்ப்பதற்குக் கூட்டிலை மாதிரி தெரியும். என் பொட்டலத்தில் பாதிக்கு மேல் நடுத்தண்டிலேயே இலை, அதுவும் ஆப்பு வடிவத்தில். அது மேலாநெல்லி, நடுவர் சொன்ன அதே மதராஸ்பாட்டென்சிஸ். இந்த இனச் செடிகள் கடைச் சரக்கில் ஒன்றோடொன்று கலந்து வருவது பழைய கதை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் பொட்டலம் கட்டுகிறவர். தாவரவியல் படித்தது நான்தானே.

என் கைடு திட்டவில்லை. "சரிம்மா, டைட்டிலையே மாத்திடு" என்றார். டாக்டரல் கமிட்டி முன்னால் 14 மாத டேட்டாவை வேண்டாம் என்று சொல்லி, காவிரி டெல்டாவின் நெல்வயல் களைகளும் அவற்றின் மருத்துவப் பயன்பாடும் என்று தலைப்பை மாற்றி வாங்கினோம்.

பெயர் இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது லான்செட் மருத்துவ இதழில் 1988-ல் வந்த ஒரு கட்டுரையை. சென்னையில் நடந்த ஆய்வு. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கிய பிளம்பெர்க்கும் ஆசிரியர்களில் ஒருவர். ஃபில்லாந்தஸ் அமாரஸ் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது, மருந்தே இல்லாத வெறும் கேப்ஸ்யூல் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை. செடி வேறு, வளர்ந்த மண் வேறு, பறித்த பருவம் வேறு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதற்காகக் கீழாநெல்லி மருந்தே இல்லை என்றோ, இதுதான் மருந்து என்றோ நான் சொல்ல வரவில்லை. எந்தச் செடி என்பதே சந்தேகமாக இருந்தால் இரண்டில் எதையுமே சொல்ல முடியாது.

பழைய இந்திய ஃபுளோராக்களில், அதாவது ஒரு பகுதியின் செடிகளை விவரிக்கும் நூல்களில், கீழாநெல்லிக்குப் பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி. அது உண்மையில் அமெரிக்கச் செடி. இங்கே நிரூரி என்று எழுதிவைத்திருந்தது அமாரஸ், ஃப்ரேட்டர்னஸ், டெபிலிஸ் என்று மூன்று செடிகளின் கலவை என்று தாவரவியலாளர்கள் மித்ராவும் ஜெயினும் 1985-லேயே பிரித்துக் காட்டிவிட்டார்கள். அப்படியும் இன்றைக்கு வருகிற ஆய்வேடுகளில் நிரூரி என்று பார்க்கிறேன். எங்கிருந்தோ காப்பி அடித்தது, வேறென்ன.

வயலுக்குப் போனது 2014 சம்பா பருவத்தில். தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம், பெண்கள் வரிசையாகக் குனிந்து கைக்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வாரம் நான் செய்த தப்பு, செடியைக் காட்டி "இது கீழாநெல்லிதானே?" என்று கேட்டது. எல்லாரும் ஆமாம் என்றார்கள். படித்த பிள்ளை கேட்கிறது, இல்லை என்று எப்படிச் சொல்வார்கள்? அப்புறம் பெயரே சொல்லாமல் செடியைக் கையில் கொடுத்து "இத என்னான்னு சொல்வீங்க?" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தேன். பதில் வேறு வேறாக வர ஆரம்பித்தது. காய்ந்த மாதிரியையோ போட்டோவையோ காட்டினால் பலருக்கு அடையாளமே தெரியாது என்பதும் அப்போது கற்றதுதான். அவர்களுக்கு அது ஈரத்தோடு, வேரோடு, வாசனையோடு இருக்க வேண்டும். கூலி வேலைக்கு நடுவில் பேச்சுக்கொடுக்கவும் கூடாது, சாப்பாட்டு நேரத்தில்தான்.

அப்படி ஒரு மதியம், வரப்பில் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம் நான் பெருமையாகப் பறித்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். வாங்கி, கிளையைத் திருப்பி, கட்டை விரல் நகத்தால் காய்களை ஒரு தடவு தடவினார். "இது செவப்புக் கீழாநெல்லி பாப்பா. காய் சொரசொரன்னு இருக்கு பாரு, காம்பும் இல்ல. மஞ்சக்காமாலைக்கு நாங்க எடுக்கிறது வேற." சொல்லிவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி வரப்போரம் இன்னொன்றைப் பிடுங்கிக் கொடுத்தார். இதில் காய் வழவழப்பு, சின்னக் காம்பில் தொங்கியது. சாயங்காலம் ரூமுக்கு வந்து ஃபுளோராவைப் புரட்டினால் முதல் செடி ஃபில்லாந்தஸ் யூரினேரியா, காம்பற்ற, சொரசொரப்பான காய். இரண்டாவது அமாரஸ். விதையை லென்ஸில் பார்த்தேன், யூரினேரியாவில் குறுக்கு வரி, அமாரஸில் நெடுக்கு வரி. ஆயாவுக்கு லென்ஸ் தேவைப்படவில்லை.

இரண்டு பருவம் அலைந்ததில் எண் போட்ட 112 செடி மாதிரிகள் சேர்ந்தன. கரிசலாங்கண்ணி, பொடுதலை, நீர்முள்ளி, மூக்கிரட்டை, கோரை, அம்மான் பச்சரிசி. ஒவ்வொன்றுக்கும் பூவின் நிறத்தை அங்கேயே எழுதிவிட வேண்டும், காய்ந்தால் நிறம் போய்விடும். செடியை அழுத்தி வைத்திருக்கிற நாளிதழ்த் தாளை மழைக்காலத்தில் தினமும் மாற்ற வேண்டும், ஒரு நாள் விட்டாலும் பூஞ்சை. விடுதி அறையில் மெத்தைக்கு அடியில், சூட்கேஸுக்கு அடியில் என்று எங்கே பார்த்தாலும் செடி. பூச்சி அரிக்காமல் இருக்க மெர்குரிக் குளோரைடு கரைசலில் முக்குவோம், அது கொடிய விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நான் ஆரம்பத்தில் தொட்டிருக்கிறேன், அந்த வயதில் புத்தி அவ்வளவுதான்.

பிறகு தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனேன், பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தெற்கு மண்டல மையத்துக்கு. அங்கே இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் நூறு வருடத்துக்கு முந்தைய தாள்களும் உண்டு. பெயரை அவர்களே சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். நீங்கள் ஒரு பெயரோடு போக வேண்டும், ஏன் அந்தப் பெயர் என்று சொல்லத் தெரிய வேண்டும். பூ இல்லாத தாள்கள் ஏழெட்டு, அவற்றைத் தனியே எடுத்து என் பக்கம் தள்ளிவைத்தார்கள். அந்தச் செடிகளுக்காக அடுத்த மழை வரை காத்திருந்தேன். பெயர்கள் சரி என்ற சான்றுக் கடிதம் கைக்கு வந்த அன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அதை நாலு தடவை பிரித்துப் படித்தேன்.

சினாப்சிஸ், பிளாஜியரிசம் சோதனை, அச்சு, இதெல்லாம் எல்லாருக்கும் இருக்கிற தலைவலிதான். வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்ட ஒரு கேள்வியை மட்டும் சொல்கிறேன். "பாரம்பரிய மருந்து என்கிறீர்கள். அம்மான் பச்சரிசி அமெரிக்காவிலிருந்து வந்தது, வெட்டுக்காயப் பூண்டும் அப்படித்தான், உங்கள் அமாரஸே அங்கிருந்து வந்தது என்கிறார்கள். இதில் என்ன பாரம்பரியம்?" எனக்கு ஒரு நிமிடம் வாய் எழவில்லை. அப்புறம் சொன்னேன், கீழாநெல்லி என்பது ஒரு செடியின் பெயரல்ல, இலைக்குக் கீழே நெல்லி மாதிரி காய்க்கிற ஒரு சாயலின் பெயர், புதிதாக வந்த செடி அந்தச் சாயலில் இருந்ததால் பழைய பெயருக்குள் போய் உட்கார்ந்திருக்கலாம் என்று. அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா, நேரமாகிவிட்டது என்பதற்காகவா என்று இன்றுவரை தெரியாது.

அதன்பின் சில வருடம் கௌரவ விரிவுரையாளர் வேலை, அந்தக் கதை வேண்டாம். வயல்களில் இப்போது கைக்களை குறைந்து களைக்கொல்லி வந்துவிட்டது. 2015-ல் நான் எண் போட்ட சில வரப்புகளில் போன வருடம் கோரையைத் தவிர ஒன்றும் இல்லை.

சமீபத்தில் ஒரு மாணவிக்காக, என் தாள்களை ஒப்படைத்திருந்த ஹெர்பேரியத்துக்குப் போனேன். என்னுடைய 87-ஆம் எண் தாளில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. நான் ஃபில்லாந்தஸ் ஃப்ரேட்டர்னஸ் என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில், யாரோ ஒரு நிபுணர், டெபிலிஸ் என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தார். ஹெர்பேரியத்தில் பழைய பெயரைக் கிழிக்க மாட்டார்கள், பக்கத்தில் ஒட்டுவார்கள். லென்ஸ் வாங்கிப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. என் நோட்டுப்புத்தகத்தில் 87-ஐப் பென்சிலால் திருத்திக்கொண்டேன். ஆய்வேட்டின் இரண்டாம் அட்டவணையில் அது ஃப்ரேட்டர்னஸ் என்றேதான் இருக்கிறது, நூலகத்தில், தடித்த அட்டைக்குள்.